படைக்கும் முன் எடுத்து வைத்த பங்கு

டிசம்பர் 31ஆம் தேதி இரவு திருத்தணி தூங்குவதில்லை. மலைக்கு ஏறும் 365 படிகளும் ஆண்டின் 365 நாட்கள் என்பது ஊர்க் கணக்கு. அன்றைக்குப் படித் திருவிழா. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்த பஜனைக் குழுக்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடிவிட்டு அடுத்த படிக்குப் போகும். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் இதைத் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலப் புத்தாண்டன்று மாலையும் எலுமிச்சம்பழமுமாக வெள்ளைக்காரத் துரைகளின் வாசலில் போய் நிற்பவர்களைத் தணிகை முருகனிடம் திருப்பிவிட வேண்டும் என்று அவர் நினைத்தாராம். அதே இரவில் மலைக்குக் கீழே, கிறிஸ்தவர்களின் ஆலயங்களிலும் விளக்கு எரியும். ஆண்டிறுதி ஸ்தோத்திர ஆராதனை. மேலே ஒரு கூட்டம் கடந்த நாட்களைப் படிபடியாக ஏற, கீழே ஒரு கூட்டம் அதே நாட்களை வாயால் சொல்லி நன்றி செலுத்தும்.

கீழே நடப்பதைப் பற்றி வெளியே அதிகம் யாரும் எழுதியதில்லை. பாட்டு, பாவ அறிக்கை, அந்த ஆண்டில் மரித்தவர்களின் பெயர்கள், அதன்பின் சாட்சி நேரம். பன்னிரண்டு அடிக்கும்போது எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள். மணி ஓசை கேட்டதும் எழுந்து கைகுலுக்கி, போதகர் நீட்டும் தட்டிலிருந்து வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். இதில் சாட்சி நேரத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பிரசங்க பீடம் ஒருநாளும் கிடைக்காத வயதான பெண்கள் அன்றைக்கு எழுந்து நிற்பார்கள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கையால் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். சபை முழுக்கக் கேட்கும்.

என் அப்பாவின் அம்மா, என் ஆயா, அப்படி நின்றவர்களில் ஒருவர். அவர் ‘எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஆள் ஆளாகச் சொல்வார். “கண்ணு ஆபரேசனுக்கு அரக்கோணம் போனப்போ பஸ்ல எழுந்து எடம் குடுத்த புள்ளைக்காக ஸ்தோத்திரம். பேரு கேக்கல. கர்த்தருக்குத் தெரியும்.” அடுத்து, ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பாமல் இவருக்கென்று ஒரு கிலோ எடுத்து வைத்திருந்த பெண். அடுத்து, காய்ச்சலில் கிடந்தபோது ரசம் கொண்டு வந்த பெண்கள் ஐக்கியத்துத் தோழி. தெருக்குழாயில் இவருடைய குடத்தை நிரப்பி, தூக்கி இடுப்பில் வைத்துவிடும் பள்ளிக்கூடத்துச் சிறுமி. இப்படி ஒரு ஆண்டு முழுவதும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் வந்து நிற்கும். அவர் எதையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு இரவும் படுக்குமுன் அன்றைய பெயர்களைச் சொல்லி ஜெபித்ததால் அவை மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தச் சாட்சியில் தவறாமல் வரும் ஒருவர் எதிர்வீட்டு வதினா. தறி ஓட்டுகிற தெலுங்குக் குடும்பம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ‘வதினா’, அதாவது அண்ணி, என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். பேச்சு தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடியும். கோபம் வந்தால் திரும்பத் தெலுங்குக்குப் போகும். வதினா முருக பக்தை. ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் புடவை கட்டிப் பூக்காவடி எடுப்பார். டிசம்பர் கடைசி இரவில் பஜனைக் குழுவோடு படியேறுவார். ஆயா ஆலயத்துக்குக் கிளம்பும் நேரமும் வதினா மலைக்குக் கிளம்பும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. தெருமுனை வரை சேர்ந்து நடந்து, அங்கே பிரிவார்கள். மறுநாள் காலையில் வதினா வந்து, “உனக்கு இந்த வருசம் என்ன வசனம் வந்துச்சு?” என்று கேட்டு, அட்டையை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஆயா பதிலுக்கு, “முட்டி வலிக்காம ஏறுனியா?” என்பார்.

தீபாவளியன்று வதினா வீட்டிலிருந்து தட்டு வரும். வடை, அதிரசம், சுழியம். மேலே ஒரு வாழை இலைத் துண்டு மூடியிருக்கும். கொடுக்கும்போது அவர் சொல்வது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “படைக்கறதுக்கு முன்னாலயே உனக்குன்னு எடுத்து வெச்சிட்டேன் வதினா. சாமிக்குக் காட்டல. சாப்பிடு.”

படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்ற கேள்வி கிறிஸ்தவத்தில் மிகப் பழையது. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் எட்டாம் அதிகாரத்தில் அதை எடுத்து, பத்தாம் அதிகாரம் வரை விடாமல் பேசுகிறார். நம் சபைகளில் இன்றும் வாலிபர் கூட்டத்தில் அந்தக் கேள்வி வரும்; பதில் சொல்பவர் தடுமாறுவார். எங்கள் தெருவில் இதற்குத் தீர்வு மறுபக்கத்திலிருந்து வந்தது. வதினாவின் வீட்டு வழக்கப்படி படையலுக்கு முன் ஒரு விள்ளல்கூட யார் வாயிலும் படக்கூடாது. குழந்தை அழுதாலும் கொடுக்க மாட்டார்கள். அந்த நியமத்தை அவர் ஒரு சினேகிதிக்காகத் தளர்த்தினார். ஆயாவின் மனசாட்சி இடறக்கூடாது என்பதற்காகத் தன் தெய்வத்தின் முறையைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்தார். ஆயாவுக்கு இது என்னவென்று தெரியும். அதனால்தான் ஆண்டுதோறும் ஆலயத்தில் எழுந்து அந்தத் தட்டுக்காக நன்றி சொன்னார். புதிதாக வந்த போதகர் ஒருவருக்கு அது சங்கடமாக இருந்திருக்கிறது. ஆராதனை முடிந்ததும் மெதுவாகக் கேட்டிருக்கிறார். ஆயா சொன்ன பதிலை அவரே பிறகு எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார்: “அவ தன் சாமிக்கு முன்னாடி என்னை வெச்சா ஐயரே. அதுக்கு நான் என் சாமிகிட்ட நன்றி சொல்ல வேணாமா?”

கிறிஸ்துமஸ் மார்கழியில் வருவதால் திரும்பப் போகும் தட்டிலும் இதே கவனம் வேண்டியிருந்தது. மார்கழி முழுக்க வதினா வீட்டில் முட்டையோ கறியோ கிடையாது. ஆகவே ஆயா அச்சு முறுக்குக்கு முட்டை உடைக்குமுன், கொஞ்சம் மாவைத் தனியே கரைத்து, புது எண்ணெயில் முதல் ஈடு எடுத்துவிடுவார். அது எதிர்வீட்டுக்கு. எங்களில் யாராவது கை நீட்டினால் அடி விழும். சமய நல்லிணக்கம் என்று மேடைகளில் பேசப்படுவதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது வேண்டியதுதான். ஆனால் அடுத்தவருடைய நோன்பையும் விலக்கையும் தன் அடுப்பில் ஏற்றிக்கொள்வது அதைவிடப் பெரிய காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

திருத்தணி இப்படிப்பட்ட சினேகங்களுக்கு ஏற்ற ஊர். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் இவ்வூர்க்காரரான கே. விநாயகமும் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஆயா கல்யாணமாகி வந்தபோது இது ஆந்திரா. மூத்த மகனுக்குப் பால் மறக்கடிப்பதற்குள் மதராஸ். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் போராட்டம் நியாயமானது, அவசியமானது. அது இல்லாவிட்டால் இந்த ஊர் தமிழ்நாட்டின் படத்தில் இருந்திருக்காது. அதே சமயம், எல்லை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் எங்கள் ஆலயத்தில் ஒரு தமிழ்க் கீர்த்தனையும் ஒரு தெலுங்குக் கீர்த்தனையும் பாடுவது நிற்கவில்லை. தெலுங்கு எழுத்து வாசிக்கத் தெரியாத தமிழ்ப் பெண்கள் மனப்பாடமாகப் பாடினார்கள். ஆயாவின் சாட்சியில் இந்தப் பாட்டுக்காரிகளுக்கும் இடம் உண்டு.

இந்தப் பகுதிக்குக் கிறிஸ்தவம் வந்த கதை மிஷன் ஏடுகளில் விரிவாக இருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனிலிருந்து வந்த ஆகஸ்ட் மிலியஸ் 1865இல் சூலூர்பேட்டையில் பணியைத் தொடங்கினார். நெல்லூர், சித்தூர்ப் பகுதிகளில் பரவிய அந்தப் பணிதான் இன்றைய தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை. தெற்கே வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஸ்கட்டர் குடும்பத்தாரின் அமெரிக்க ஆற்காடு மிஷன். திருத்தணியில் 1888 செப்டம்பர் 5இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இந்த இரண்டு மிஷன்களின் பள்ளிகளிலும் படித்தவர். திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி, பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. மிஷனரிகள் இந்து சமயத்தின்மேல் வைத்த விமர்சனம் அவரை உறுத்தியது. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் வேதாந்தத்துக்குள் ஆழமாக இறங்கினார். அப்படி அவர் எழுதிய ஆய்வுரையைப் படித்துப் பாராட்டியவர் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக். தன்னோடு உடன்படாத மாணவனை மெச்சிய ஆசிரியர். பின்னாளில் குடியரசுத் தலைவரான அந்த மாணவர், தன் பிறந்தநாளைக் கொண்டாட வந்தவர்களிடம் அதை ஆசிரியர்களுக்கான நாளாக வைத்துக்கொள்ளச் சொன்னார். 1962 முதல் அப்படித்தான் நடக்கிறது. நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் நன்றி சொல்லும் ஒரு நாள் இந்த ஊர்க்காரரின் பிறந்தநாள் என்பதில் ஆயாவுக்குப் பெருமை. “நம்ம ஊருப் புள்ள, நம்ம மிசன் பள்ளிக்கூடத்துல படிச்சவரு” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

மிஷன் ஏடுகளில் யார் வந்தார்கள், எங்கே கட்டடம் கட்டினார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதெல்லாம் உண்டு. அந்தக் கட்டடங்களுக்குள் இருந்த சபையை யார் பிழைக்க வைத்தார்கள் என்பதற்கான பதிவு குறைவு. வீடு வீடாகப் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்த பைபிள் உமன்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. கைப்பிடி அரிசி கொடுத்த பெண்களின் பெயர்கள் அறவே இல்லை. உலை வைக்கும்போதெல்லாம் களைவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் கொட்டுவார்கள். தமிழ், தெலுங்குச் சபைகளில் வெகுகாலம் இருந்த வழக்கம் இது. மிசோரமில் 1910இல் தொடங்கிய இதே போன்ற கைப்பிடி அரிசித் திட்டம் இன்று அங்குள்ள திருச்சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. ஆயாவிடம் இருந்தது மூடி வளைந்த ஒரு பால்பவுடர் டப்பா. வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளில் பிடி சிறுக்கும், இல்லாமல் போகாது. அந்த நாட்களில் அவர் கை அரிசிக்குள் போய், சற்றே தயங்கி, விரல்களைக் குறுக்கிக்கொண்டு வெளியே வருவதை அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவருடைய நன்றிக்கு அளவு ஒன்று உண்டென்றால் அந்த விரல்கள்தான்.

குடும்பத்துக்கு நன்றி சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். வெளியாருக்குச் சொல்லிவிடலாம். வீட்டில் ‘நன்றி’ என்று சொன்னால் அந்நியமாகத் தோன்றும். ஆயாவும் என் அம்மாவும் மாமியார் மருமகள். அடுப்படியில் அவர்களுக்குள் பேச்சு குறைவு; புளி கரைப்பதில்கூட இருவருக்கும் இரண்டு அபிப்பிராயம். ஒரு ஆண்டிறுதியில், இடுப்பு எலும்பில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்திருந்து எழுந்தபின், ஆயா சாட்சிக்கு நின்றார். “என் மருமக என்னைக் குளிப்பாட்டுனா. மூஞ்சி சுளிக்கல. நான் பெத்த பொண்ணுகூட அவ்ளோ செய்யமாட்டா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. வீடு திரும்பும்போது இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் புளி விஷயத்தில் சண்டை வந்தது. ஆனால் சபைக்கு முன் சொன்ன சொல்லை யாராலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதன்பின் அம்மாவைப் பற்றி உறவுக்காரர்கள் யாரும் ஆயாவிடம் குறை சொல்ல வந்ததில்லை.

2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை, நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்கள் வரை எழுதி வைத்தவர்கள், தொல்லைகளை எழுதி வைத்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைக் குறித்துத் திருப்தியாக உணர்ந்தார்கள் என்பது அதன் சாரம். அதன்பின் உலகெங்கும் நன்றிக் குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் குறிப்பேடு எழுதியவர் மனதை ஆற்றுகிறது. சாட்சி கேட்பவர்களையும் சேர்த்துக் கட்டுகிறது. என் அம்மாவின் பெயரை ஆயா ஒரு நோட்டில் எழுதி மூடி வைத்திருந்தால் அம்மாவுக்கு என்ன கிடைத்திருக்கும்?

ஆயாவின் நன்றியைச் சாதுவான கிழவியின் பணிவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் சித்தப்பா இளம் வயதிலேயே ரயில் விபத்தில் போனார். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை எடுத்துச் சொல்லி, இதற்காகவும் நன்றி சொல்லும்படி ஒரு ஊழியர் ஆறுதல் கூற வந்தார். ஆயா பாயில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “அவன் செத்ததுக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லமாட்டேன். அவன் இருந்ததுக்குச் சொல்றேன். அது போதும் அவருக்கு.” விசுவாசக் குறைவு என்று அன்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது விசுவாசத்தின் உச்சம் என்று படுகிறது. பொய் சொல்லாமல் கடவுளோடு பேசுகிறவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பக்கத்துச் சபைகளில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். சேரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து நர்சிங், ஆசிரியர் பயிற்சி, ரயில்வே வேலைக்கும் போன வழி மிஷன் விடுதிகள் வழியாகத்தான் போயிற்று. அந்த நன்றி ஆயாவுக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்க மறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. தெருவில் சாதி மாறவில்லை, சான்றிதழில் மட்டும் மாறிவிட்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு பக்கம் இருக்கிறது. கிடைத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டே, கிடைக்காததைக் கேட்க ஆயாவுக்குத் தயக்கம் இருந்ததில்லை. பெண்கள் ஐக்கியத்தில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தபோது முதல் கையெழுத்து அவருடையது. நன்றியைக் காட்டி உரிமையை மடக்கப் பார்ப்பவர்கள் சபைக்குள்ளும் உண்டு, வெளியிலும் உண்டு. அவர்கள் கேட்பது நன்றியை அல்ல, அடங்கிப் போவதை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் தொடக்கத்தில் அவனுடைய பாட்டி லோவிசாளைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். பேரனுக்குள் இருக்கும் விசுவாசம் முதலில் அந்தப் பாட்டியிடம் இருந்தது என்கிறார். அவ்வளவுதான். லோவிசாள் என்ன சொல்லி ஜெபித்தார், யார் யாருக்காக நன்றி சொன்னார், அவருக்கு எதிர்வீட்டில் யார் இருந்தார்கள், எதுவும் மிஞ்சவில்லை. நம் பிள்ளைகளுக்கு லோயிஸ் என்று பெயர் வைக்கிறோம், ஆனால் லோவிசாளின் குரல் நம்மிடம் இல்லை.

என் ஆயாவின் குரலும் இல்லை. நான் சொன்னதெல்லாம் நினைவிலிருந்து சொன்னது. அவர் போனபின் சாட்சி நேரமும் சுருங்கிவிட்டது. பாட்டுக்குழு, திரை, ஒலிபெருக்கி எல்லாம் வந்திருக்கின்றன. பாட்டிகளுக்கு ‘இரண்டு நிமிஷம்’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு ஆண்டை இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொன்னால் அவர்களும் ‘எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது பஸ்ஸில் இடம் கொடுத்த பையனும் ரேஷன் கடைப் பெண்ணும் எதிர்வீட்டு வதினாவும் சபையின் நினைவிலிருந்து போய்விடுவார்கள்.

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த ஆண்டின் கடைசி இரவில் எழுபது வயது தாண்டிய பெண்களை முதலில் பேச விடுங்கள். நேரம் சொல்லாதீர்கள். பிரசங்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்திகளே, உங்கள் கையில்தான் போன் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். ஆலயத்துக்குப் போகாத வீடு என்றால், பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஆண்டு யார் யார் உதவினார்கள் என்று கேளுங்கள். சொல்லும் பெயர்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பெயர் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.